வீண் என்று எழுதிவைத்த டிஸ்க்

வாயை வாடகைக்கு விட முடிந்திருந்தால் அறிவு இந்நேரம் எண்ணூரில் மாடிவீடு கட்டியிருப்பான். சும்மா இருக்கும்போதே அது ஓயாது. சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்து, எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் கேட்கவா வேண்டும்?

அன்றைக்கு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவனுடைய மூன்றாவது மாடி வீட்டுக்கு மாப்பிள்ளை தீனாவின் அப்பா சுப்புராஜ் வந்திருந்தார். எர்ணாவூர்க்காரர். எதையும் ஒரு மாதம் முன்னாலேயே பேசி முடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. காலடிப்பேட்டையில் மண்டபம், பிரியாணிக்கு ஆள், வேன் எல்லாம் பேசி முடித்துவிட்டு, டீயை உறிஞ்சியபடி கேட்டார்.

"அப்பறம், திரிசரணம் யாரு சொல்றது சம்பந்தி?"

அறிவு சமையல்கட்டு வாசலைப் பார்த்தான்.

அந்தப் பக்கத்துப் பௌத்தக் குடும்பங்களில் கல்யாணம் என்றால் ஐயரும் கிடையாது, ஓமமும் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புத்தம், தம்மம், சங்கம் என்ற மூன்று சரணங்களான திரிசரணத்தை வரி வரியாகச் சொல்ல, மண்டபம் முழுக்க அதைத் திருப்பிச் சொல்லும். அப்புறம் உறுதிமொழி, மாலை, சாப்பாடு. வியாசர்பாடியில் இருபது வருஷம் அந்த ஒருவர் அறிவின் மனைவி ரமாபாயாகத்தான் இருந்தாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கு எட்டுகிற குரல் அவளுக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் தைராய்டு கட்டிக்குக் கழுத்தில் கத்தி வைக்க வேண்டி வந்தது. கட்டி நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்ததால் கட்டியோடு குரலும் போய்விட்டது. இப்போது அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். கிட்டத்தில் காதை வைத்தால் அந்தக் காற்றில் வார்த்தை கேட்கும்.

அதற்கப்புறம் கல்யாணங்களுக்குப் போனால் ரமாபாய் கடைசி வரிசையில் போய் உட்காருவாள். எல்லோரும் திருப்பிச் சொல்லும்போது வாயை மட்டும் அசைப்பாள். பாதியில் எழுந்து வந்துவிடுவாள். ஊரே திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டும். அதைப் பார்க்கப் பார்க்க அறிவுக்கு வயிறு எரியும்.

"பெரம்பூர்ல ஒரு தோழர் கீறாரு, கணீர்னு சொல்லுவாரு..." என்று சுப்புராஜ் ஆரம்பித்தார்.

"வேணாம் மாமா," என்றாள் மகிழினி. கல்யாணப் பெண்தான். ராயபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்துகிற மாதிரியே பேசுவாள். "எங்கம்மா தான் சொல்லணும். இல்லாட்டி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுட்டு வந்துர்றோம். எங்கம்மாவ பின்னாடி சீட்ல உக்கார வெச்சிட்டு நானு முன்னாடி மாலை போட்டுக்கினு நிக்க மாட்டேன்."

"அம்மாவால எப்டிம்மா முடியும்?" என்றார் சுப்புராஜ்.

இங்கேதான் வாய் முந்திக்கொண்டது.

"இன்னாத்துக்கு சம்பந்தி பேஜாரு? அவ கொரலு எங்கிட்ட பத்ரமா கீது. நம்ம தெரு சந்திரா பொண்ணு கல்யாணத்துல அவ சொன்னத டிஸ்க்ல போட்டு வெச்சிக்கீறேன். ஒண்ணு இல்ல, நாலு காப்பி! நூறு வருசத்துக்கு அசையாது. மண்டபத்துல ஸ்பீக்கர்ல போட்டா அவளே நின்னு சொல்றாப்ல இருக்கும்."

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த ரமாபாய் நேராக அவனிடம் வந்தாள். குனிந்து, "நெசமாவா?" என்றாள், காற்றாக. மூன்று வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்ததில்லை.

"நம்ம கையில குட்த்த சரக்கு என்னிக்கி கெட்டுப் போச்சி?" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டான் அறிவு.

இந்த நெஞ்சு தட்டலுக்கு ஒரு பின்கதை உண்டு. அறிவு திருவொற்றியூர் தாண்டி ஒரு கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். தூக்குவது, பத்திரமாக இறக்குவது, அடுக்குவது. பகலெல்லாம் ஊரான் சரக்கைப் பத்திரப்படுத்துகிறவனுக்கு, வீட்டிலும் எதையாவது பத்திரப்படுத்தாவிட்டால் கை அரித்தது. டிவிடி வந்த காலத்தில் ஒரு ரெக்கார்டரை வாங்கினான். பிறகு கம்ப்யூட்டரும் சிடி ரைட்டரும் வாங்கினான். தெருவில் காதுகுத்து, மஞ்சள் நீர், ஏப்ரல் பதினாலு அம்பேத்கர் ஊர்வலம், யார் வீட்டு நாய் குட்டி போட்டாலும் சரி, டிஸ்கில் ஏற்றி உறையில் போட்டு எழுதி வைப்பான். 'டிஸ்க் அறிவு' என்று பேர் வந்தது. அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டான். ஊர் வேறு எதையோ நினைத்துத்தான் வைத்தது என்று அவனுக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

ஃபோனை அவன் நம்பவே மாட்டான். "ஃபோன் தண்ணில வியுந்தா போச்சி. அப்பால கிளவுடுங்கறான். மேகத்துல கொண்டு போயி எவனாவது பொருள வெப்பானா?" என்பான். டிஸ்கில் ஏற்றியதும் கேமராக் கேசட்டை அழித்து வேறு எடுப்பான், கம்ப்யூட்டரிலும் அழிப்பான். அதுதான் டிஸ்கில் இருக்கிறதே.

மறுநாள் மகிழினி வேலை பார்க்கும் இடத்திலிருந்து டிஸ்க் போடுகிற டப்பா ஒன்றைக் கடன் வாங்கி வந்தாள். அவளுடைய லேப்டாப்புக்கு டிஸ்க் போட வாயே கிடையாது. அதற்கே அறிவு தலையில் அடித்துக்கொண்டான்.

முதல் காப்பி ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. அதன் மேல் வட்டமாகக் கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். தாமரைப் பூவும், 'ரமாபாய் அறிவு வழங்கும் திரிசரணம்' என்று தங்க எழுத்தும். பிரிண்ட் போடவே ராயபுரம் வரை போய்வந்த ஸ்டிக்கர். கடற்காற்று ஈரத்தில் அது அப்பளமாக உப்பியிருந்தது. டப்பாவுக்குள் சுற்றும்போது கடகடவென்று உரசியது.

"ஸ்டிக்கர உரிச்சிரு நைனா," என்றாள் மகிழினி.

பொறுமையாக, நகத்தால் ஓரம் பிடித்து உரித்தான். ஸ்டிக்கர் அழகாக வந்தது. கூடவே டிஸ்கின் வெள்ளியும் வந்தது. கையில் மிச்சமிருந்தது கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் வட்டம். அதற்குள் பார்த்தால் அந்தப் பக்கத்தில் மகள் முகம் தெரிந்தது.

"பரவால்ல, இன்னும் மூணு கீது," என்றான். அதுவரை குரலில் தெம்பு இருந்தது.

இரண்டாவது, பீரோவில் ரமாபாயின் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் இருந்தது. பூச்சி அண்டக்கூடாது என்று சுற்றிலும் பாச்சை உருண்டை போட்டு, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்திருந்தான். பூச்சி அண்டவில்லை, வாஸ்தவம். டிஸ்க் மேல் பால் ஏடு மாதிரி வெள்ளைப் படலம். எந்தத் துணியால் துடைத்தும் போகவில்லை. பிளாஸ்டிக்கையே அரித்திருந்தது.

மூன்றாவது அரிசி டிரம்மின் அடியில். ஈரம் உறிஞ்சும் என்று யாரோ சொன்னார்கள். அரிசி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. ஆனால் டிரம்முக்குள் இறக்குவதற்கு முன்னால் அறிவு தன் வேலையைச் செய்திருந்தான். பால்பாயின்ட் பேனாவால், அழிந்துவிடக் கூடாதென்று மூன்று தடவை அழுத்தி அழுத்தி, 'அசல், யாரும் தொடாதே' என்று மேலே எழுதியிருந்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தின் வழியாகவும் டியூப்லைட் தெரிந்தது. டப்பா கொஞ்ச நேரம் முனகிவிட்டு டிஸ்கை வெளியே தள்ளியது.

மகிழினி 'தொடாதே' என்கிற எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நாலாவது எங்க?"

"அது காசிமேட்ல பொன்னுரங்கம் வூட்ல. எல்லாத்தையும் ஒரே எடத்துல வெக்கக் கூடாதும்மா. தீப்புடிச்சா? வெள்ளம் வந்தா? அதுக்குத்தான் நைனா முன்கூட்டியே வேற எடத்துல வெச்சிக்கீறேன்," என்றான். இதைச் சொல்லும்போது மறுபடியும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நெஞ்சை என்னவென்று சொல்வது!

பொன்னுரங்கம் காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அறிவுக்குப் பள்ளிக்கூட தோஸ்து. மறுநாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து நேராக அங்கே போனான். பொன்னுரங்கம் பாயில் உட்கார்ந்து, டிவிக்குக் கீழே பச்சை எழுத்தில் ஓடும் மணியைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, இந்நேரத்துக்கு?" என்றார். அந்த மணி ஓடுவது அறிவு எப்போதோ கொடுத்த பழைய ரெக்கார்டரில். அவர் வீட்டில் அதில் யாரும் எந்தக் காலத்திலும் எதையும் பதிவு செய்ததில்லை. ஏலத்துக்கு எழுந்திருக்க மணி பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

"ஒரு டிஸ்க்கு குட்த்தேனே, பத்ரமா வெச்சிக்கச் சொல்லி?"

"ஆங், டிஸ்க்கா? மாடில கீது. அவ்ளோ பத்ரமா எதையும் நான் வெச்சதே இல்ல. தெனம் பாத்துக்கினு தான் கீறேன்."

மாடியில் கயிற்றுக் கொடியில் வாளையும் நெத்திலியும் காய்ந்துகொண்டிருந்தன. கொடிக்கு மேலே நூலில் பத்துப் பன்னிரண்டு டிஸ்க்குகள் காற்றில் சுழன்றுகொண்டிருந்தன. எல்லாம் பழைய சினிமா சிடி. நடுவில் ஒன்றில் அறிவின் கையெழுத்து பாதி வெளுத்துத் தெரிந்தது.

"வெய்யில்ல மின்னும் பாரு, ஒரு காக்கா கிட்ட வராது," என்றார் பொன்னுரங்கம் பெருமையாக. "அதுலயும் ஒன் டிஸ்க்கு தான் கில்லி. இப்பத்தான் கொஞ்ச நாளா மின்ன மாட்டேங்குது."

கில்லியை அவிழ்த்துத் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் இருந்த ஊதா நிறம் எங்கே போனதென்று தெரியவில்லை. வருஷக்கணக்கில் வெயில் குடித்துவிட்டிருந்தது. எழுதப்பட்டது எல்லாம் அந்த நிறத்தில்தான் இருந்தது. தோஸ்தைத் திட்டலாமா என்று பார்த்தான். எந்த வாயை வைத்துக்கொண்டு திட்டுவது? ஸ்டிக்கர் ஒட்டியவனும், பேனாவால் அழுத்தியவனும், பாச்சை உருண்டை போட்டவனும் யார்? பொன்னுரங்கமாவது காக்காயிடமிருந்து மீனைக் காப்பாற்றியிருக்கிறார். அறிவு எதைக் காப்பாற்றினான்?

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சுப்புராஜ் ஃபோன் செய்தார். "டிஸ்க்கு ரெடி தான சம்பந்தி? ஸ்பீக்கர்காரனாண்ட சொல்லிறவா?"

"பக்கா சம்பந்தி," என்றது வாய். அதை அப்போதே பிய்த்து மணலி சாலையில் எறிந்திருக்க வேண்டும்.

ரமாபாயிடம் எப்படிச் சொல்வது? படியேறும்போதே ஒத்திகை பார்த்தான். மாடிப்படி முடிந்துவிட்டது, வார்த்தை கிடைக்கவில்லை. அவள் கதவைத் திறந்ததும் அவன் கையில் தொங்கிய வெளுத்த டிஸ்கைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குரல் இருந்த காலமாக இருந்தால் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி திட்டியிருப்பாள். அறிவு அந்தத் திட்டுக்காக ஏங்கி நின்றான். அவள் உள்ளே போய்ச் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழம்பு சட்டியைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின சட்டியையே மறுபடியும் கழுவினாள். அவள் நம்பிக்கொண்டிருந்த ஒன்றைத் தன் கையாலேயே பாழாக்கிவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இப்போது தட்டினால் உள்ளே எதுவும் இல்லாத டிரம் சத்தம்தான் வரும்.

திடீரென்று ரமாபாய் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். டமாலென்று ஒரு உருளை டப்பாவை வெளியே தள்ளினாள். கருப்பு மூடி போட்ட டப்பா, பழைய டிஸ்க்குகள் கோத்து வைத்தது. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் 'வீண்' என்று எழுதியிருந்தது. ரெக்கார்டர் வாங்கிய புதிதில் அறிவு ஏற்றிப் பார்த்து, எந்த வீட்டு பிளேயரிலும் ஓடாமல் போன டிஸ்க்குகள். தூக்கிப் போடச் சொல்லி அவள் வருஷாவருஷம் பொங்கலுக்கு முன்னால் சண்டை போடுவாள். டிஸ்கைக் குப்பையில் போட அவனுக்குக் கை வராது. இப்போது அவள் டப்பாவைக் காலால் தள்ளி, வாசலைக் காட்டினாள். எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்று அர்த்தம்.

"எட்த்துனு போறேன், எட்த்துனு போறேன்," என்று அறிவு டப்பாவைத் திறந்தான். மேலே இருந்ததை எடுத்துச் சும்மா திருப்பினான். பழக்கதோஷம்.

அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் கிடையாது. இருட்டில், தூசியில்லாமல், யாரும் 'பத்திரப்படுத்தாமல்' கிடந்த டிஸ்க். நடுவிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு நிறம் மாறி ஒரு வளையம் தெரிந்தது. எரிந்த வளையம். அப்படியென்றால் உள்ளே ஏதோ எழுதியிருக்கிறது.

"மகிழி!" என்று கத்தினான். "இதெல்லாம் ஓடாத டிஸ்க்கு இல்லடி! மூடாத டிஸ்க்கு!"

"இன்னா நைனா ஒளர்ற?"

"ரெக்கார்டர்ல ஏத்தி முடிச்சதும் ஃபைனலைஸ்னு ஒண்ணு அமுத்தணும். அப்ப எனுக்கு அந்த வார்த்தையே தெரியாது. எங்க யார்டுல ஒரு கண்டெய்னர் ரொப்பிட்டு சீல் வெக்காம வுட்டா வேற எந்த கேட்லயும் உள்ள வுட மாட்டான். ரொப்புன யார்டுக்கு மட்டும் தெரியும் உள்ள இன்னா கீதுன்னு. அந்த மாதிரி தான். எந்த மிஷின்ல ஏத்துனனோ அதுல போட்டா ஓடும்!"

"அந்த மிஷின் எங்க?"

காசிமேட்டில் பச்சை எழுத்தில் மணி காட்டிக்கொண்டிருக்கிறது. அறிவு செருப்பைப் போட்டான். ரமாபாய் ஈரக் கையைத் துடைத்தபடி அவனுக்கு முன்னால் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

பொன்னுரங்கத்தின் வீட்டில் ரெக்கார்டரின் தட்டு வெளியே வர மறுத்தது. கடற்காற்றில் துரு. பொன்னுரங்கம் அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார், வரவில்லை. அவர் மனைவி மீன் சுரண்டுகிற கத்தியை ஓரத்தில் விட்டு மெதுவாக நெம்பினாள். தட்டு நாக்கைத் துருத்துகிற மாதிரி வந்தது. "மணி நின்னுடப் போவுது மாமு," என்று பொன்னுரங்கம் கவலைப்பட்டார்.

முதல் டிஸ்கில் யாரோ வீட்டு வளைகாப்பு. இரண்டாவதில் தெருவில் மழைத்தண்ணீர். மூன்றாவதைப் போட்டதும் மகிழினி, "நைனா, இது நம்ம பழைய சமையல்கட்டு," என்றாள்.

படம் ஆடியது. அடுப்பு முன்னால் இளைய ரமாபாய், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு. கேமராவிலிருந்து ரெக்கார்டர் வரைக்கும் ஒயரை இழுத்து அறிவு வெள்ளோட்டம் பார்த்த நாள் அது.

"சொல்லு ரமா, கேமரா ஓடுது," என்றது அறிவின் குரல், திமிராக.

"இன்னாத்த சொல்றது?"

அவ்வளவுதான். மூன்று வருஷமாகக் கேட்காத குரல், காசிமேட்டில் ஒரு வீட்டில் மீன் வாடைக்கு நடுவில் கணீரென்று கேட்டது. ரமாபாய் தன் கழுத்துத் தழும்பில் கை வைத்துக்கொண்டாள்.

"திரிசரணம் சொல்லு."

"அடுப்புல பாலு கீதுய்யா."

"அது பாட்டுக்குக் கெடக்கும். நீ சொல்லு."

"புத்தம் சரணம் கச்சாமி," என்றாள் திரையில் இருந்தவள், நிமிர்ந்து நின்று. உடனே, "யோவ், ஒயரு கால்ல மாட்டுது, நவுரு!" என்றாள். "தம்மம் சரணம் கச்சாமி. பாலு பொங்குது பாருய்யா, நவுருன்றேன் இல்ல! சங்கம் சரணம் கச்சாமி." அடுப்பை அணைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? நானு இங்கதான கீறேன். எங்க பூடுவேன்? வேணும்னா கூப்புடு, வந்து சொல்றேன்."

"ஒனக்குத் தெரியாது. மன்சன் வாய நம்ப முடியுமா? டிஸ்க்கு தான் நிக்கும்," என்றது அறிவின் குரல். படம் நின்றது.

அறிவு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்த காலத்திலெல்லாம் அவன் ஒயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அழுகை வந்தது. பொன்னுரங்கம் வீட்டில், அத்தனை பேர் முன்னால், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். ரமாபாயும் அழுதாள். ஆனால் அவள் தோள் சிரிப்பிலும் குலுங்கிக்கொண்டிருந்தது. எது எதுவென்று பிரிக்க முடியவில்லை.

கண்ணைத் துடைத்ததும் பழைய அறிவு முழித்துக்கொண்டான். "இரு, மொதல்ல இத்த மூடிடுவோம். ஃபைனலைஸ் பண்ணிட்டா எந்த மிஷின்லயும் ஓடும். அப்பால அஞ்சு காப்பி—"

"நைனா, கைய எடு." மகிழினி ரிமோட்டைப் பிடுங்கினாள். "மொதல்ல ஃபோன்ல எடுத்துக்கறேன். அப்பறம் நீ இன்னா வேணா பண்ணு."

"ஃபோன்லயா? த்தூ. கொரலு கலீஜா இருக்கும்."

ரமாபாய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அதில் கொஞ்சம் நகமும் இருந்தது. அறிவு வாயை மூடினான். அவன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியங்களைப் பட்டியல் போட்டால் அதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. மகிழினி ஃபோனை டிவி முன்னால் பிடித்து முழுதையும் எடுத்தாள். போட்டுக் கேட்டும் பார்த்தாள்.

அப்புறம் அறிவு தன் கையால், பெருமையோடு ஃபைனலைஸ் அமுக்கினான். மிஷின் உறுமியது. பச்சை மணி அணைந்தது. திரையில் ஏதோ ஆங்கிலத்தில் பிழை என்று வந்தது. டிஸ்கைத் திரும்பப் போட்டபோது ரெக்கார்டருக்கே அது யாரென்று தெரியவில்லை. வருஷக்கணக்காகப் பத்திரமாகக் கிடந்ததை, மூடி வைக்கிறேன் என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டான்.

"அஞ்சாவது," என்றாள் மகிழினி.

அவள் ஃபோனில் ஒரு தட்டுத் தட்டினாள், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அறிவு பாதி வாழ்நாளில் நாலு காப்பி எடுத்தான். அவள் வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் ஏறுவதற்குள் வியாசர்பாடி, எர்ணாவூர், துபாய் எல்லா இடத்திலும் காப்பி இருந்தது.

"திட்டுற எடத்தையெல்லாம் வெட்டிரும்மா, சபைல மானம் கப்பலேறிடும்," என்று ஆட்டோவில் கெஞ்சினான். ரமாபாய் அவன் காதருகே குனிந்தாள். "முழுசா," என்றாள். அவ்வளவுதான், மேல்முறையீடு கிடையாது.

கல்யாணத்தன்று காலடிப்பேட்டை மண்டபம் நிறைந்திருந்தது. அறிவு புது வேட்டியில், தோளில் கேமராவோடு மேடைக்கு முன்னால் நின்றான். யார் வேண்டாம் என்று சொன்னாலும் கேமரா தோளில் இருக்கும். மேடையில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில், மாலை போட்ட மகிழினிக்கும் தீனாவுக்கும் நடுவில் ரமாபாயை நிற்க வைத்திருந்தார்கள். அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் ஒரு காலி நாற்காலி இருந்தது. அவள் கண் இரண்டு தடவை அங்கே போய் வந்ததை அறிவு பார்த்தான்.

ஸ்பீக்கர் இரைந்தது. மண்டபம் அடங்கியது.

"புத்தம் சரணம் கச்சாமி."

ரமாபாயின் குரல்தான். முன்வரிசைப் பெண்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மண்டபம் எழுந்து கைகூப்பித் திருப்பிச் சொன்னது.

"யோவ், ஒயரு கால்ல மாட்டுது, நவுரு!"

இருபது வருஷப் பழக்கம். அவள் ஒன்று சொன்னால் திருப்பிச் சொல்லித்தான் அந்த வாய்களுக்குத் தெரியும். யோசிப்பதற்குள் பாதி மண்டபம் கைகூப்பியபடியே, "யோவ், ஒயரு கால்ல மாட்டுது, நவுரு!" என்றது. சுப்புராஜும் சொன்னார், பக்தியாக. சொன்ன பிறகுதான் விழித்தார். சிரிப்பு அலையாகக் கிளம்பியது. அது அடங்குவதற்குள் தம்மம் வந்தது, அதையும் சொன்னார்கள். "பாலு பொங்குது பாருய்யா!" வந்தபோது யாரும் தவறிச் சொல்லவில்லை. தெரிந்தே, வேண்டுமென்றே, முழு மண்டபமும் அறிவைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தியது. அவனுடைய மானம் எண்ணூர் துறைமுகத்தையே தாண்டிவிட்டது. அவனுக்கு அதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

"சங்கம் சரணம் கச்சாமி." சொன்னார்கள்.

"இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? நானு இங்கதான கீறேன். எங்க பூடுவேன்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் முன்வரிசையில் ஒரு கிழவர் ஆரம்பித்தார். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மண்டபம் முழுக்க, மெதுவாக, சரணம் சொல்கிற அதே ராகத்தில் சொன்னது.

"நானு இங்கதான கீறேன். எங்க பூடுவேன்?"

மேடையில் ரமாபாயின் உதடுகளும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. கண்ணீர் வழிய, தலை நிமிர்ந்து நின்றாள். அவள் கண் இப்போது கடைசி வரிசைக்குப் போகவில்லை. அறிவு கேமராவுக்குள் அவள் முகத்தைப் பெரிதாக்க முயன்றான். ஒன்றும் தெரியவில்லை, கேமராக் கண்ணாடி எல்லாம் ஈரம். இன்னும் கிட்டே போனான். மணமக்களையும் மறைத்துக்கொண்டு அவளுக்கு நேர் எதிரில் போய் நின்றான்.

ரமாபாய் அவனைப் பார்த்து, காற்றாக, ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். மண்டபத்தில் யாருக்கும் அது கேட்டிருக்காது.

"நவுரு."

அறிவு கேமராவை இறக்கினான். நகர்ந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டான்.